முக்காடு போட்ட ரேடியோ

சூடேறிய வார்னிஷின் மணம் என்றால் இன்று எத்தனை பேருக்குப் புரியும் என்று தெரியவில்லை. ரேடியோவின் திருகை வலப்பக்கம் திருப்பியதும் 'டக்' என்று ஓர் ஓசை, அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காத ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் கண்ணாடித் தட்டின் பின்னால் மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஊறி வர, உள்ளே இருக்கும் வால்வு எனப்படும் கண்ணாடிக் குமிழ்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, மரப்பெட்டியின் பூச்சும் அதன்மேல் படிந்த தூசியும் சேர்ந்து காய்ந்து, வெயிலில் கிடந்த அலமாரியைத் திறந்தாற்போன்ற ஒரு வாசனை கூடமெங்கும் பரவும். குரல் அதற்கப்புறம்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த வாசனையோடு மெழுகுத்திரிப் புகையும் சாம்பிராணியும் கலந்திருந்தன. ஒரு ரேடியோ எதற்காகச் சாம்பிராணிப் புகையில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டு 1937. இதை நினைவை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. அந்த ஆண்டு மாதாவின் விண்ணேற்புத் திருநாள், அந்நாளில் நாங்கள் 'ஆரோபணத் திருநாள்' என்று சொல்லிவந்த ஆகஸ்டு பதினைந்து, ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஞாயிறும் திருநாளும் ஒன்றாய் வந்ததால் ஒரு நாள் விடுமுறை குறைந்துபோனதே என்று வகுப்பு முழுவதும் புலம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிற்பாடு பழைய பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தபோது சரிபார்த்தும் கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

புதுச்சேரியில், சம்பா கோவில் என்ற பெரிய தேவாலயத்தின் மணி காதில் விழும் தூரத்தில் ஒரு சிறு தெருவில் எங்கள் வீடு. அப்பா நீதிமன்றத்தில் எழுத்தர். அம்மா, அப்பாவின் விதவைத் தமக்கையான அத்தை, நான், இவ்வளவுதான் வீட்டில். எனக்கு மூத்தவள் செசிலி அக்கா, நான் ஐந்து வயதாய் இருக்கையில் கலியாணமாகிச் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டாள். அத்தானுக்கு அங்கே சுங்கத்தில் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் சைகோனில் ஒருவரும் இல்லாத வீடு அரிது. ஆகவே அக்கா போனது புதுமையில்லை. ஆனால் அம்மாவுக்கு அது நாலு வருஷம் ஆகியும் நேற்று நடந்த காரியமாகவே இருந்தது.

அக்கா மடத்துக் கன்னியர்களிடம் பின்னல் வேலை பழகியவள். போவதற்கு முன்னால் வீட்டுப் பீடத்துக்கென்று வெள்ளை நூலில் ஒரு பெரிய விரிப்புப் பின்னிக்கொண்டிருந்தாள். 'நாப்' என்று பிரெஞ்சுப் பேரால்தான் அதைச் சொல்வோம். நான்கு மூலையிலும் திராட்சைக் குலை. மூன்று முடிந்து நாலாவதில் பாதிக் குலை வரும்போது கப்பல் வந்துவிட்டது. ஊசியைக்கூட எடுக்காமல் அந்த மூலையிலேயே குத்திவிட்டுப் போனாள்.

ஈஸ்டர் கழிந்து ஊருக்குத் திரும்பிய ஒருவர் மூலமாக அக்காவும் அத்தானும் ஒரு ரேடியோவை அனுப்பிவைத்தார்கள். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் 'தேயெஸெஃப்'. கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சு முதலெழுத்துகள் அவை. அத்தை ஏதோ ஒரு புனிதரின் பெயரைச் சொல்வதுபோல் பக்தியோடு உச்சரிப்பாள். கண்ணாடித் தட்டில் பாரீஸ், ரோம் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுதியிருக்க, அவற்றின் நடுவே 'சைகோன்' என்றும் இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எது அந்தப் பெயர் என்று என்னைக் கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். கூடத்துச் சுவரில், மூன்று பக்கமும் அடைத்த ஆழமான ஒரு மாடம். அதன் மேல்தட்டில் மாதா சுரூபம். ரேடியோவை அந்தச் சுரூபத்தின் காலடியில், மாடத்துக்குள்ளே, முதுகு சுவரில் முட்டும்படி ஏற்றிவைத்தாள். அக்கா பின்னிய விரிப்பை நாலாய் மடித்துத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் பின்புறமும் தொங்கவிட்டு, கண்ணாடித் தட்டும் திருகும் மட்டும் தெரியும்படி முகத்தருகே ஊசி குத்தினாள். கோவிலுக்குப் போகும் பெண் முக்காடு போட்டதுபோலவே இருந்தது. எதிரே ஒரு மெழுகுத்திரி. சனிக்கிழமைகளில் சாம்பிராணி. கடைசியாக, எங்கள் எல்லோர் முன்னாலும் மாதாவிடம் ஒரு வாக்கும் கொடுத்தாள்: "தாயே, எம் பொண்ணு வந்து அவ கையால எடுக்கட்டும். அதுவரைக்கும் இந்த வூட்டுக்குள்ள இது மேலேர்ந்து இந்தத் துணியை நான் எடுக்க மாட்டேன்."

முதல் வாரத்திலேயே கோளாறு தொடங்கியது. மாலையில் போட்டால் சிறிது நேரம் கணீரென்று பேசும். அப்புறம் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அப்பா திருகைத் திருகித் துரத்திப் பிடிப்பார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆழத்துக்குப் போய், கடைசியில் உறுமலும் அடங்கி ஊமையாகிவிடும். வெளிச்சம் மட்டும் எரியும். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கணீரென்று பேசும்.

எங்கள் தெருவிலேயே குடியிருந்த ரஃபேல் மாமாவைக் கூப்பிட்டோம். உறவில்லை, தெரு முறைக்கு மாமா. கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்த்துத் திரும்பிவந்து, பஞ்சாலையில் மின்சார வேலையில் இருந்தவர். எதையும் தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. நேரம் இல்லை என்பதால் பெட்டியை அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பச் சொன்னார். அம்மா முக்காட்டைக் கழற்றி, விரிப்பைச் சுரூபத்தின் கீழே பத்திரமாக வைத்துவிட்டு, வெறும் பெட்டியைக் கொடுத்தாள்.

"துணியை எடுத்துட்டியே, வாக்கு?" என்றாள் அத்தை.

"வூட்டை வுட்டு வெளியே போறப்ப எடுக்கலாம் அண்ணி. வூட்டுக்குள்ளன்னு தானே சொல்லிருக்கேன்."

ரஃபேல் மாமா ஒரு குமிழை மாற்றினார். ஒரு ஞாயிறு முழுவதும் ரேடியோவை அவர் வீட்டில் ஒரு முக்காலிமேல் வைத்துப் பாடவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலையே எங்கள் வீட்டில் அது ஊமையானது. மறுபடி போயிற்று, இந்தத் தடவை அலை வாங்க மாடிமேல் கட்டியிருந்த கம்பியின் மேல் பழியைப் போட்டார். அவர் வீட்டில் பாடியது, எங்கள் வீட்டில் படுத்தது. மூன்றாம் முறை மாமாவுக்கே கோபம் வந்து, அப்பாவை 'முசே' என்று பிரெஞ்சு மரியாதையில் அழைத்துச் சொன்னார்.

"முசே, எங்க வூட்ல ரோம் பேசுது, பாரீஸ் பேசுது, வாயை மூடுன்னாக்கூட மூடமாட்டேங்குது. உங்க வூட்டு கரண்ட்டுலதான் ஏதோ கோளாறு."

"ஒரே கம்பத்துலேர்ந்து தானே ரஃபேலு ரெண்டு வூட்டுக்கும் கரண்ட் வருது?" என்றார் அப்பா.

"அப்ப அதுக்கு உங்க மூஞ்சி புடிக்கல."

"அப்படின்னா உன் வூட்லயே வெச்சிக்கோ" என்றாள் அத்தை. "நாங்க அங்க வந்து குந்திக்கிறோம். உன் பொண்டாட்டி காப்பி போடட்டும்."

அத்தை விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எம் பொண்ணு அனுப்புனதை நான் அடுத்தவங்க வூட்லயா போய்க் கேக்கணும்?"

இப்படி இருக்கும்போது ஜூலையில் அத்தானிடமிருந்து கடிதம். சைகோனிலிருந்து சிற்றலையில் வரும் நிலையம் ஒன்றில் ஆரோபணத் திருநாளன்று, நமக்கு மாலை ஆறரை மணிக்கு, திருநாள் நிகழ்ச்சி; அதில் அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரின் பாடகர் குழு மாதா பாட்டு ஒன்று பாடப்போகிறது; குழுவில் செசிலியும் இருக்கிறாள். அப்பா படித்து முடித்ததும் அம்மா எழுந்து போய் மாடத்தின் முன் நின்று, ரேடியோவைப் பார்த்து, "அன்னிக்கு மட்டும் படுத்துடாதே" என்றாள்.

அந்த நாளுக்குச் சில தினங்கள் இருக்கையில் ரஃபேல் மாமா ஏதோ வேலையாய் மாலை வேளையில் எங்கள் வீட்டுக்குள் வந்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் எல்லாம் பெட்டியைத் தன் வீட்டில் வாங்கி எங்கள் வாசலோடு கொடுத்தவர், அது குடியிருக்கும் கோலத்தை அன்றுதான் முதல்முறையாகக் கண்டார். பிறகு விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பெட்டியின் பின்புறம் உள்ளங்கையை வைத்தவர், சுட்டுக்கொண்டதுபோல் இழுத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்கே? முதுகுல ஓட்டை ஓட்டையா வெச்சிருக்கான் பாரு, அது எதுக்கு? அழகுக்கா? அதுதான் இதுக்கு மூக்கு. மூக்கைச் செவத்துல அமுக்கி, தலைக்குத் துணியைப் போட்டு, எதிர்ல நெருப்பை வேற கொளுத்தி வெச்சா, உனக்குப் பேச்சு வருமா?"

மாடத்தின் தரையில், பெட்டிக்கு அடியில், மஞ்சள் நிறத்தில் மெழுகுத் துளிகள் உறைந்து கிடந்தன. அத்தை அவற்றை மெழுகுத்திரியின் சொட்டு என்று நினைத்து வாராவாரம் சுரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் சேர்த்துவைத்திருந்தாள், உருக்கித் திரி செய்யலாம் என்று. மாமா ஒரு துளியைக் கிள்ளி முகர்ந்தார். "இது திரி மெழுகு இல்ல அத்தாச்சி. இதோட வயித்துக்குள்ள பூசியிருக்கிற மெழுகு. சூடு தாங்காம உருகி வருது. கொடலை எடுத்துக் கிண்ணத்துல வெச்சிருக்கீங்க."

ஆலையில் மோட்டார்மேல் பஞ்சு படிந்தாலும் இதே கதைதான் என்றார். தினம் ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் மதியத்துக்குள் மோட்டார் கொதித்து நின்றுவிடுமாம். இதே பஞ்சு நூலாய் வந்து இங்கே ரேடியோமேல் உட்கார்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. வெறும் பெட்டியாய்த் தன்னிடம் வந்ததால்தான் தனக்குப் புரியாமல் போனது என்பதையும், கோளாறு தன்னுடையது அல்ல என்பதையும், நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

பரிகாரம் எளிது: மாடத்தை விட்டு வெளியே எடு, துணியை எடு. அம்மா முதலாவதுக்குத் தலையசைத்தாள். இரண்டாவதுக்கு மாட்டேன் என்றாள்.

"அன்னிக்கு ரிப்பேருக்கு நீயே எடுத்தே. இதுவும் ரிப்பேர் தானே அக்கா?"

"அது வெளிய போறப்ப. வூட்டுக்குள்ள எடுக்க மாட்டேன்னு மாதாகிட்ட சொல்லியாச்சு."

"அப்ப வாசல்ல வெச்சிக் கேளு!"

"வாசலும் என் வூடு தானே."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முப்பது வருஷமா கோர்ட்டுல இருக்கேன். இந்த மாதிரி வாதம் கேட்டதில்ல" என்றார். ஆனால் அவரும் அவளை வற்புறுத்தவில்லை. அம்மாவின் கணக்கு எங்களுக்கு விளங்காமல் இல்லை. வாக்கை மீறினால் மாதா அக்காவைத் திருப்பி அனுப்ப மாட்டாள். மீறாவிட்டால் அக்காவின் குரல் வராது. இரண்டில் எதை விடுவது? அந்த நாட்களில் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே உண்ணாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் துணிக்குக் கீழே என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தார் ரஃபேல் மாமா. ரேடியோ கூடத்து நடுவில் ஒரு மேசைக்கு வந்தது, சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டு. அடியிலும் காற்று புகட்டும் என்று நான்கு கால்களுக்கும் காலி மத்தி மீன் டப்பாக்களைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்தார். ஒரு கோழி இறகால் ஓட்டைகளில் அடைந்திருந்த சாம்பிராணித் தூசியைத் தட்டினார். மெழுகுத்திரி மாதாவோடு மாடத்திலேயே நின்றுவிட்டது. விரிப்பின் பின்பக்கத்தைச் சுருட்டிக் குத்திக்கொள்ள அம்மா அனுமதி கொடுத்தாள்: "தூக்கிக்கோ. எடுக்கத்தான் கூடாது." அன்று மாலை ரேடியோ முன்னைவிட இரண்டு பங்கு நேரம் பேசிவிட்டு ஊமையானது. பரவாயில்லை, போதும் என்றார் அப்பா. மாமா போதாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

திருநாளன்று பூசையும் தேரும் முடித்து வந்து, ஆறரைக்கு முன்னதாகவே ரஃபேல் மாமா உள்பட எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். சைகோன் சரியாகக் கிடைத்தது. பிரெஞ்சில் ஒருவர் பேசத் தொடங்கினார். அவர் முடித்ததும் இன்னொருவர். பாட்டு எப்போது வரும் என்று தெரியாததால் நடுவில் அணைத்து ஆறவிடவும் வழியில்லை. அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பேசறானா?"

"பேசறான்."

"இன்னா தான் பேசறான்?"

"யாருக்கோ நன்றி சொல்றான்."

"நன்றியைப் பாட்டுக்கப்புறம் சொல்லக்கூடாதா, பாவி" என்றாள் அத்தை.

மூன்றாவது ஆள் பேசும்போது நிலையம் நழுவத் தொடங்கியது. அப்பா திருகோடு போராடினார். வார்னிஷ் வாசனை கனத்துவிட்டது. குரல் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கையில், பாடகர் குழுவின் பெயரைச் சொல்கிறான் என்று அப்பா கையை உயர்த்தினார். ஆர்மோனியம் போன்ற ஏதோ ஒன்று இரண்டு சுரம் எழுப்பியது. அத்தோடு உறுமலாகிப்போனது.

அம்மா எழுந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாடத்தைப் பார்த்து, அடுத்த வீட்டுக்காரியிடம் சேதி சொல்வதுபோல் சொன்னாள்: "தாயே, அவ வந்துட்டா. வாசல்ல நிக்கிறா. குரல் வந்தா ஆள் வந்த மாதிரி தானே?"

விரிப்பை ஒரே இழுப்பில் எடுத்து என் கையில் போட்டாள். அது சுட்டது, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கினாற்போல் சுட்டது. ரஃபேல் மாமா பாய்ந்து பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தார். "உள்ள கை வெக்காதே அக்கா, ஷாக் அடிக்கும்!" அம்மா உள்ளே கை வைக்கவில்லை. அடுப்படியிலிருந்து பனையோலை விசிறியைக் கொண்டுவந்து, ரேடியோவின் முதுகுப் பக்கம் நின்று, வியர்த்துக் கிடக்கும் பிள்ளைக்கு வீசுவதுபோல், வேகமில்லாமல், நிறுத்தாமல் வீசினாள். அப்பா முன்னால் மண்டியிட்டுத் திருகை மயிரிழை மயிரிழையாய் நகர்த்தினார். அத்தையின் செபமாலை மட்டும் ஓடியது.

பாட்டின் முதல் அடி போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு, இரைச்சலுக்கு அடியிலிருந்து, நீரில் முழுகியவர் தலை தூக்குவதுபோல், குழுவின் குரல் மேலே வந்தது. தமிழ். சைகோனிலிருந்து தமிழ். மூன்றாம் அடியை ஒரு பெண்குரல் தனியாக எடுத்தது. அந்த அடியில் ஒரே மூச்சில் கடக்க வேண்டிய நீளமான சொல் ஒன்று உண்டு. அக்கா எங்கள் வீட்டில் பாடும்போதெல்லாம் அதை நடுவில் உடைத்து மூச்சு வாங்குவாள், அம்மா அடுப்படியிலிருந்தே அதட்டுவாள். ரேடியோவில் அந்தச் சொல் வந்தது, நடுவில் உடைந்தது, ஒரு மூச்சு, பிறகு மிச்சம்.

"பாரு, பாரு," என்றாள் அம்மா ரேடியோவின் பின்னாலிருந்து, விசிறியை நிறுத்தாமல். "இன்னும் அதே எடத்துல மூச்சு வுடறா. எத்தினி தடவ சொல்லிருக்கேன்." அவள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. பெட்டி மறைத்தது.

அது அக்காதானா என்று பின்னாளில் அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தது. இரைச்சலில் எந்தக் குரலும் அங்கே உடைந்திருக்கலாம் என்பார். அம்மா இல்லாத நேரத்தில்தான் சொல்வார்.

அந்த விரிப்பை அம்மா மறுபடி ரேடியோமேல் போடவில்லை. வந்தவள் எடுத்த துணி, இனி எதற்கு என்றாள். துவைத்துப் பார்த்தபோது நடுவில், குமிழ்களுக்கு நேர் மேலே, கை அகலத்துக்குப் பழுப்பு நிறம் ஏறியிருந்தது. எத்தனை தரம் வெளுத்தும் அது போகவில்லை. முக்காடு இழந்த ரேடியோ அந்த மேசையில் சில ஆண்டுகள் சுகமாகப் பாடியது. போர் வந்தபின் குமிழ் கிடைக்காமல் ஊமையாகி, உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றியெறிந்த பிறகு, அத்தை அதில் காய்ந்த மிளகாய் போட்டு வைத்தாள். கப்பல்களும் நின்றன. போர் முடிந்ததும் அக்கா சைகோனிலிருந்து பிரான்சுக்குப் போய்விட்டாள். கடிதம் வரும், படம் வரும், அவள் வரவில்லை. அம்மா கடைசிவரை அதற்காக மாதாவிடம் சண்டை போட்டதில்லை. "அதான் ஒரு தரம் வந்துட்டுப் போனாளே" என்பாள்.

இன்று அந்தத் தெருவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு விடுதி நிற்கிறது. ரேடியோவைப் பார்த்தே ஊர்ப்பெயர் படிக்கப் பழகிய பிள்ளைகள் கிழவர்களாகிவிட்டார்கள். பொத்தானை அழுத்திய மறுநொடியில் பேசும் பெட்டிகள் வந்துவிட்டதால், வெளிச்சத்துக்கும் குரலுக்கும் நடுவே இருந்த அந்தச் சூடேறும் இடைவெளியும், அதன் வாசனையும் போயேபோயின. எனக்கு மட்டும் ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது: யார் வீட்டுக்குப் போனாலும் டெலிவிஷனுக்குப் பின்னாலும் ஐஸ்பெட்டிக்குப் பின்னாலும் ஒரு தரம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன்.

விரிப்பு என்னிடம் இருக்கிறது. நாலாவது மூலையில் திராட்சை பாதியோடு நிற்கிறது. ஊசி துருவேறி நூலோடு ஒட்டிவிட்டது. சென்ற மாதம் மருமகள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா இருக்குது, சும்மா கெடக்குது. டிவி மேல போடட்டுமா அத்தே?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன். "காத்து வரட்டும்."